‘கெதார்’ வினையைத் தேட எந்த அகராதி? ஸ்பானிஷ் இலவசக் கருவிகள் ஆறின் மதிப்பீடு

ஸ்பானிஷ் அகராதி ஒன்று உருப்படியானதா என்று தெரிந்துகொள்ள, அதில் ‘கெதார்’ (quedar) என்று போட்டுத் தேடினால் போதும். வினைத்திரிபில் எந்த முரண்டும் இல்லாத, ‘ஆர்’ என்று முடியும் சாதாரண வினை அது. ஆனால் பொருள் மிஞ்சுவது, ஆள் தங்குவது, ஊர் ஓரிடத்தில் அமைந்திருப்பது, சட்டை பொருந்துவது, சந்திக்க நேரம் குறிப்பது, போட்டியில் இரண்டாவதாக வருவது, பார்வை போய்விடுவது, வாயடைத்து நிற்பது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வினைதான். இதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுக்கிற அகராதி மற்ற வினைகளிலும் கைவிடாது.

இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். அழுத்தம் விழும் அசைக்கு நெடில், மற்றவற்றுக்குக் குறில். ஆகவே ‘கேதொ’ என்பதும் ‘கெதோ’ என்பதும் வேறு வேறு வடிவங்கள். முதலாவது ‘நான்’ வடிவம், நிகழ்காலம். இரண்டாவது ‘அவர்’ வடிவம், இறந்தகாலம். நடுவில் வருகிற ‘த’, ‘கதை’யில் வருகிற அதே மெல்லிய ஒலி. இந்த ஒரு விஷயத்தில் தமிழருக்குப் பயிற்சியே தேவையில்லை.

எடுத்துக்கொண்ட கருவிகள்: ஸ்பெயினின் அரச மொழிக் கழகமான ஆர்.ஏ.இ. வெளியிடும் டி.எல்.இ. அகராதி, அதே கழகத்தின் டி.பி.டி. ஐயந்தீர் அகராதி, நிஜமான எழுத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் வாக்கியங்களைத் திரட்டிய அவர்களுடைய கோர்பெஸ் தொகுப்பு. இவற்றோடு ஆங்கிலம் வழியாகப் போகிற வேர்ட்ரெஃபரன்ஸ், ஸ்பானிஷ்டிக்ட், லிங்குயி. ஆறையும் காசு கொடுக்காமல் இணையத்தில் பயன்படுத்தலாம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருளுக்கு டி.எல்.இ., முன்னிடைச்சொல் (‘என்’, ‘தெ’, ‘கொன்’ போல முன்னால் வரும் சிறுசொல்) சந்தேகத்துக்கு டி.பி.டி., பேச்சுவழக்குக்கு வேர்ட்ரெஃபரன்ஸின் ஃபோரம், வினைத்திரிபுப் பயிற்சிக்கு ஸ்பானிஷ்டிக்ட். லிங்குயியை, குறைந்தபட்சம் இந்த வினைக்கு, ஆரம்பநிலையில் திறக்காமல் இருப்பதே நல்லது.

முதலில் இருமொழி அகராதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தொல்லை. ஆங்கிலத்தில் கெதாருக்கு நிகரான ஒரே வினை கிடையாது. அதனால் பத்துப் பன்னிரண்டு ஆங்கில வினைகளாக உடைத்து வரிசையாக அடுக்குகிறார்கள். அந்தப் பட்டியலைத் தமிழர் மறுபடியும் மனத்துக்குள் தமிழாக்கிக்கொள்ளும்போது, ஒரே வினையா பன்னிரண்டா என்ற குழப்பம்தான் மிஞ்சும். உண்மையில் இந்த வினையின் முக்கியமான வாக்கிய அமைப்பு நமக்கு ஏற்கெனவே பழக்கமானது. ‘மெ கேதன் தோஸ் லீப்ரொஸ்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். மெ என்றால் எனக்கு. கேதன் என்றால் மிச்சம் இருக்கின்றன. தோஸ் லீப்ரொஸ் என்றால் இரண்டு புத்தகங்கள். ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாயாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்பானிஷிலும் தமிழிலும் புத்தகங்கள்தான் எழுவாய். ஆள் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார்.

ஆங்கிலம் வழியே கற்பவர் ‘யோ கேதொ தோஸ் லீப்ரொஸ்’ என்று எழுதித் தடுக்கி விழுவார். நாம் விழும் இடம் வேறு. பேச்சில் ‘எனக்கு ரெண்டு புக் இருக்கு’ என்று ஒருமையில் முடித்துப் பழகியவர்கள் நாம். அஃறிணைப் பன்மைக்கு வினையை மாற்றுவதில் நமக்கு அக்கறை குறைவு. அதே பழக்கத்தில் ‘மெ கேத தோஸ் லீப்ரொஸ்’ என்று சொல்லிவிடுவோம். ஸ்பானிஷில் அது பிழை. ஒன்று என்றால் கேத, பல என்றால் கேதன். பால், நேரம், பணம் போல எண்ண முடியாதவை எவ்வளவு இருந்தாலும் ஒருமை: ‘கேத போக்க லேச்செ’, கொஞ்சம் பால்தான் இருக்கிறது.

உடை பொருந்துவதும் இதே சட்டத்தில்தான் வரும். ‘ஏஸ்த கமீச தெ கேத பியேன்’: இந்தச் சட்டை உனக்குப் பொருத்தமாக இருக்கிறது. ‘ஏஸ்தொஸ் சப்பாத்தொஸ் மெ கேதன் பெக்கேஞொஸ்’: இந்த ஷூ எனக்குச் சின்னதாக இருக்கிறது. ஷூ இரண்டு, ஆகவே கேதன். தமிழில் சொல் ஒருமை, ஸ்பானிஷில் பன்மை. கவனம் பிசகும் இடம் அதுதான். இந்த இரண்டு பயன்பாடுகளையும் ‘மெ, தெ, லெ, நொஸ், ஒஸ், லெஸ்’ (எனக்கு, உனக்கு, அவருக்கு, எங்களுக்கு, உங்களுக்கு, அவர்களுக்கு) என்ற ஆறு சுட்டுகளோடு சேர்த்து மனப்பாடம் செய்துவிட்டால், அகராதியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வேலை முடிந்துவிடும்.

இனி டி.எல்.இ. ஆர்.ஏ.இ. 1713இல் தொடங்கிய அமைப்பு. அகராதியின் 23ஆவது பதிப்பு 2014இல் அச்சில் வந்தது. அதற்குப் பிறகான திருத்தங்கள் இணையப் பதிப்பில் சேர்ந்துகொண்டே போகின்றன. முழுக்க ஸ்பானிஷிலேயே விளக்கம் என்பதால் புதியவர்கள் பயப்படுவார்கள். உண்மையில் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியவை ஏழெட்டுச் சுருக்கக் குறிகள்தாம். ‘இன்த்ர.’ என்று இருந்தால் செயப்படுபொருள் குன்றிய வினை. ‘த்ர.’ என்றால் செயப்படுபொருள் குன்றா வினை. ‘ப்ர்ன்ல்.’ என்றால் ‘செ’ ஒட்டிக்கொண்டு வருகிற வடிவம், அதாவது கெதார்செ. ‘யு. த. சி. ப்ர்ன்ல்.’ என்று நீளமாக வந்தால், இந்தப் பொருளில் ‘செ’ சேர்த்தும் சொல்லலாம் என்று அர்த்தம். ‘கொலோக்.’ என்றால் பேச்சுவழக்கு. ‘தேசுஸ்.’ என்றால் வழக்கொழிந்தது; கற்பவர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகலாம். நாட்டுப் பெயரின் சுருக்கம் இருந்தால் அந்தப் பொருள் அங்கே மட்டும் செல்லும்.

இந்தக் குறிகளில் கெதாருக்கு உயிர்நாடியானது ‘ப்ர்ன்ல்.’. கெதார், கெதார்செ இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஆங்கில வழிக் கருவிகள் பெரும்பாலும் மொழிபெயர்ப்புச் சொல்லிலேயே புதைத்துவிடுகின்றன. டி.எல்.இ. இலக்கணமாகவே பிரித்துக் காட்டுகிறது. நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். ஆள் ஓரிடத்தை விட்டுப் போகாமல் தங்குகிறார் என்றால் கெதார்செ: ‘மெ கேதொ என் காச’, நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். வெறும் ‘கேதொ என் காச’ என்றால் கேட்பவருக்கு வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். பொருள் மிஞ்சுகிறது, இடம் அமைந்திருக்கிறது, முடிவு இப்படி ஆனது என்றால் கெதார்.

அடுத்தது, ஒரு நிலைக்கு வந்து சேர்வது. ‘செ கெதோ சியேகொ’, அவருக்குப் பார்வை போய்விட்டது. ‘செ கெதோ வியூத’, அவர் கணவரை இழந்தார். ‘மெ கெதே தொர்மீதொ’, தூங்கிப்போய்விட்டேன். ‘செ கெதோ கல்யாதொ’, வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். வழுக்கையாவதும், காது கேட்காமல் போவதும், திகைத்து உறைவதும் இதில்தான் வரும். ஸ்பானிஷில் ‘ஆவது’ என்பதற்குப் பல வினைகள் உண்டு: பொனேர்செ, வொல்வேர்செ, அசேர்செ, கெதார்செ. இவற்றில் எதை எடுப்பது என்பதற்கு டி.எல்.இ. நேரடியாக உதவாது. ஆனால் எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரியும். ஏதோ ஒன்று போய்விட்டது, அல்லது அசைவு நின்றுவிட்டது. அந்த நிலை அப்படியே நீடிக்கிறது. அங்கேதான் கெதார்செ. சட்டென்று வந்து போகிற பதற்றத்துக்கும் கோபத்துக்கும் பொனேர்செ. தமிழில் ‘போய்விட்டது’, ‘இருந்துவிட்டான்’ என்று ‘விடு’ துணைவினையை நாம் எங்கே ஒட்டுகிறோமோ, அங்கே பெரும்பாலும் கெதார்செ பொருந்தி வரும். விதியாக அல்ல, முதல் ஊகமாக இதை வைத்துக்கொண்டு அகராதியில் சரிபாருங்கள். ‘செ கெதோ மிரான்தொ’ என்றால் ‘பார்த்துக்கொண்டே நின்றுவிட்டான்’. தமிழ் வாக்கியம் இவ்வளவு அச்சாகப் பொருந்துவது அபூர்வம்.

டி.எல்.இ.யின் நல்ல அம்சம், விளக்கத்தில் வருகிற எந்தச் சொல்லையும் தொட்டால் அதன் பதிவுக்கே போய்விடும் என்பது. தொல்லையும் அதிலேயே இருக்கிறது. கெதாருக்கு விளக்கமாக ‘பெர்மனெசேர்’, ‘ரெஸ்தார்’ போன்ற சொற்களைத் தருவார்கள். அவற்றைத் தொட்டால் மறுபடி வேறு மூன்று சொற்கள் வரும். நான்காவது தட்டில் திரும்பக் கெதாரிலேயே வந்து நிற்கலாம். இரண்டு தட்டுக்கு மேல் போகாதீர்கள். அதற்குள் புரியாவிட்டால் எடுத்துக்காட்டை மட்டும் படித்துவிட்டு அடுத்த பொருளுக்கு நகருங்கள். சில பொருள்களுக்கு எடுத்துக்காட்டே இருக்காது. இந்த அகராதியின் உண்மையான குறை அதுதான்.

தேடுபெட்டியில் எப்போதும் மூல வடிவத்தையே போட வேண்டும். ‘கேத’ என்று போட்டால் அதே எழுத்தில் ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது. ஊரடங்குக்கு ஸ்பானிஷில் ‘தோக்கெ தெ கேத’ என்பார்கள், அந்தக் கேத. ‘கேதொ’ என்று போட்டால் ‘அமைதியான’ என்ற பெயரடை வந்து நிற்கும். இரண்டும் கெதாரின் சொந்தக்காரர்கள்தாம், மூலம் ‘அமைதிப்படுத்து’ என்ற பொருள் தரும் லத்தீன் வினை. ஆனால் ‘எனக்கு மிச்சம் இருக்கிறது’ என்ற வாக்கியத்தைப் புரிந்துகொள்ளத் தேடியவருக்கு ஊரடங்கு வந்தால் தலை சுற்றும்.

பதிவின் அடிப்பகுதியில் மரபுத்தொடர்கள் வரும். பலர் அதுவரை இறங்குவதே இல்லை. ‘என் கே கெதாமொஸ்?’ அங்கேதான் கிடைக்கும். மாற்றி மாற்றிப் பேசுகிறவரிடம் ‘சரி, கடைசியில் என்னதான் முடிவு?’ என்று கேட்கிற தொடர் அது. சொல்லுக்குச் சொல் பிரித்தால் ஒன்றும் புரியாது. பேச்சில் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

டி.பி.டி. வேறு வகை. எல்லாச் சொல்லும் இதில் இருக்காது. மக்கள் தடுமாறும் சொற்களை மட்டும் எடுத்து எது சரி, எது எந்த நாட்டு வழக்கு, எதைத் தவிர்ப்பது என்று சொல்லும். முதல் பதிப்பு 2005இல் வந்தது. கெதாரின் முன்னிடைச்சொல் பஞ்சாயத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ‘செய்வதாக ஒத்துக்கொண்டோம்’ என்பதற்குப் பொதுவழக்கு ‘கெதார் என்’: ‘கெதாமொஸ் என் வேர்னொஸ்’, சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். மெக்சிகோ உட்பட அமெரிக்கக் கண்டத்தின் பல பகுதிகளில் ‘கெதார் தெ’ என்பார்கள். இரண்டையும் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். எழுதும்போது ‘என்’ எங்கும் செல்லும்.

ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்கு ‘கெதார்செ கொன்’. ‘மெ கேதொ கொன் ஏஸ்தெ’ என்றால் ‘இதையே எடுத்துக்கொள்கிறேன்’. கடையில் இரண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது இதைவிட இயல்பான வாக்கியம் இல்லை. ‘கொன்’ இல்லாமல் ‘மெ லொ கேதொ’ என்றும் சொல்வார்கள், அதுவும் செல்லும். செல்லாதது, ‘விட்டுவிட்டு வந்தேன்’ என்பதற்குக் கெதாரைப் போடுவது. மேற்கு ஸ்பெயினில் சில பகுதிகளில் ‘சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டேன்’ என்பதற்குக் கெதாரைப் பயன்படுத்துவார்கள். பொது ஸ்பானிஷில் அந்த வேலை ‘தெஹார்’ வினையுடையது. தேர்வில் கெதாரை எழுதினால் பிழை. தீர்ந்துபோவதற்கு ‘கெதார்செ சின்’: ‘மெ எ கெதாதொ சின் கசொலீன’, வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இங்கே ஆள்தான் எழுவாய். பெட்ரோலை எழுவாயாக வைத்தால் ‘நோ மெ கேத கசொலீன’ என்று முதலில் பார்த்த சட்டத்துக்கே திரும்பிவிடலாம். இரண்டு வாக்கியமும் சரி. ஒன்றை மற்றொன்றோடு கலந்து ‘மெ கேத சின் கசொலீன’ என்று பாதி வெந்த வாக்கியமாக ஆக்காமல் இருந்தால் போதும்.

டி.பி.டி.யின் நடை இறுக்கமானது. இடைநிலையைத் தாண்டாதவருக்கு ஒரு பத்தி படிக்கவே மூச்சு வாங்கும். சாய்வெழுத்தில் இருக்கும் எடுத்துக்காட்டுகளை மட்டும் பார்த்து, எதைத் தள்ளியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வெளியே வந்துவிடலாம்.

வேர்ட்ரெஃபரன்ஸ் 1999 முதல் இருக்கிறது. பக்கத்தின் மேல்பாதி அகராதி, அடியில் அந்தச் சொல் தலைப்பில் வருகிற ஃபோரம் விவாதங்களின் பட்டியல். மேல்பாதி சுமார். அட்டவணை நீளம், ஆங்கிலச் சொற்கள் ஏராளம், எந்த அமைப்பில் ‘மெ, தெ, லெ’ வர வேண்டும் என்பது எடுத்துக்காட்டைப் படித்து நாமே கண்டுபிடிக்க வேண்டியது. அடிப்பாதிதான் பொக்கிஷம். ‘கெதார் பியேன்’ என்றால் உடை அழகாக இருப்பதா, நல்ல பெயர் எடுப்பதா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கும். இரண்டும்தான். ‘தெ கேத பியேன்’ என்றால் ‘உனக்குப் பொருந்துகிறது’. ‘கெதாஸ்தெ பியேன்’ என்றால் ‘நல்ல பெயர் வாங்கிவிட்டாய்’. நான்காம் வேற்றுமைச் சுட்டு இருக்கிறதா, வினை யாரைக் குறிக்கிறது என்பதுதான் வித்தியாசம். ‘கெதே மால்’ என்றால் ‘என் பெயர் கெட்டுப்போயிற்று’, பெரும்பாலும் ‘கொன்’ போட்டு யாரிடம் என்றும் சொல்வார்கள்.

சந்திப்பு விஷயத்திலும் ஃபோரம்தான் கைகொடுக்கும். ‘கேதொ கொன் ஆன’ என்றால் ஆனாவைச் சந்திக்கப் பேசி வைத்திருக்கிறேன். ‘மெ கேதொ கொன் ஆன’ என்றால் ஆனாவோடு தங்கிவிடுகிறேன், அல்லது பலரில் ஆனாவையே தேர்ந்தெடுக்கிறேன். ஸ்பெயினின் பேச்சில் ஒருவரை ஏமாற்றிக் கிண்டல் செய்வதற்கும் ‘கெதார்செ கொன்’ உண்டு: ‘தெ எஸ்தாஸ் கெதான்தொ கொன்மீகொ’, ‘என்னை வைத்து விளையாடுகிறாயா?’. ஒரு ‘மெ’யை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்! சந்திக்க நேரம் குறிப்பதற்கு வெறும் கெதாரைப் போடுவது முதன்மையாக ஸ்பெயின் வழக்கு. அமெரிக்க நாடுகளில் புரிந்துகொள்வார்கள், ஆனால் ‘வேர்செ’, ‘என்கொன்த்ரார்செ’, ‘ஹுன்தார்செ’ என்பவைதான் அவர்கள் வாயில் வரும்.

ஃபோரத்தைப் படிக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். பதில் சொல்பவரின் தாய்மொழி என்ன என்பது அவர் பெயரருகே இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஆங்கிலம் என்றால் அந்தப் பதிலை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் என்றால் எந்த நாடு என்று பாருங்கள். அர்ஜென்டினாக்காரரும் மத்ரித்காரரும் எதிரெதிராகச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் இருவருமே சரி. சண்டை அவர்களுடையது, நமக்கு வேண்டியது நாட்டுக்குறிப்பு மட்டுமே.

ஸ்பானிஷ்டிக்டின் பலம் வினைத்திரிபு அட்டவணை. முறை தவறிய வடிவங்களைச் சிவப்பில் காட்டுவது அதன் சிறப்பு. ஆனால் கெதார் முழுக்க முறையானது, ஆகவே சிவப்பாக ஒன்றும் இருக்காது. பார்த்தவுடன் ‘இது சுலபம்’ என்று மூடிவிடத் தோன்றும். அட்டவணை சொல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அழுத்தக்குறி. கெதே என்றால் ‘நான் தங்கினேன்’. கேதெ என்றால் ஐயத்தையும் விருப்பத்தையும் சொல்கிற வடிவம். எழுத்தில் வேறுபாடு ஒரே ஒரு கோடு. கைபேசியில் தட்டச்சும்போது அந்தக் கோட்டை விட்டுவிடுபவர்கள் அதிகம், பயிற்சிகளும் சில நேரம் அதைக் கண்டும் காணாமல் விடும். இன்னொன்று, ‘கெதாமொஸ்’ நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே வடிவம். ‘கெதாமொஸ் அ லாஸ் சேய்ஸ்’ என்றால் ‘ஆறு மணிக்குச் சந்திப்போம்’ என்ற திட்டமா, ‘ஆறு மணிக்கென்று பேசினோம்’ என்ற நினைவூட்டலா? சுற்றியுள்ள பேச்சுதான் சொல்லும். இயந்திர மொழிபெயர்ப்புகள் இங்கே தம் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். வந்த செய்தியை அப்படியே நம்பிக் கிளம்பினால் நாள் தவறலாம்.

டி.எல்.இ.யின் அட்டவணையில் ‘வோஸ்’ (‘தூ’ போலவே ‘நீ’ என்று பொருள்) வடிவங்களும் சேர்ந்தே இருக்கும்: ‘தூ கேதஸ்’, ‘வோஸ் கெதாஸ்’. அர்ஜென்டினா, உருகுவே பேச்சைக் கேட்கிறவர்களுக்கு அது அவசியம். வினாடிவினாவாகப் பயிற்சி வேண்டுமென்றால் ஸ்பானிஷ்டிக்ட். வெறும் சரிபார்ப்புக்கு டி.எல்.இ. போதும். ஸ்பானிஷ்டிக்டின் இலவசப் பக்கத்தில் விளம்பரம் உண்டு. சிறிய திரையில் அட்டவணையின் கடைசிப் பத்தி வெளியே போய்விட்டால் கைபேசியைப் படுக்கவைத்துப் பாருங்கள்.

லிங்குயி அகராதி என்பதைவிட மொழிபெயர்க்கப்பட்ட ஆவணங்களின் தேடல். இரண்டு மொழி வாக்கியங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும். மூலங்களில் ஐரோப்பிய ஒன்றிய ஆவணங்களும் நிறுவனங்களின் வலைத்தளங்களும் நிறைய. அதன் விளைவு கெதாரில் பளிச்சென்று தெரிகிறது: ‘கேத ப்ரொஇபீதொ’, தடை செய்யப்படுகிறது, ‘கேதன் எக்ஸ்க்லுயீதொஸ்’, விலக்கப்படுகின்றன. அரசாணையிலும் ஒப்பந்தத்திலும் ஒரு முடிவை அறிவிக்க இந்த நடை அவசியம். சட்டமோ வணிகமோ மொழிபெயர்ப்பவருக்கு லிங்குயி உண்மையிலேயே உதவும். இரண்டு மாதம் ஸ்பானிஷ் படித்தவர் இதையே மாதிரியாக எடுத்துக்கொண்டால், நண்பரிடம் ‘ஜன்னல் மூடப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது’ என்கிற தோரணையில் பேச ஆரம்பித்துவிடுவார். எச்சரிக்கைக் குறி போட்ட வாக்கியங்கள் சரிபார்க்கப்படாதவை. அவற்றை மாதிரியாக எடுக்கவே வேண்டாம்.

மாதிரி வாக்கியம் எடுக்கிற வேலைக்குக் கோர்பெஸ் மேல். 2001 முதலான எழுத்தையும் பேச்சையும் சேர்த்த தொகுப்பு. 70 சதவீதம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, 30 சதவீதம் ஸ்பெயினிலிருந்து என்ற கணக்கில் திட்டமிடப்பட்டது. நாடு வாரியாக வடிகட்டலாம். மூல வடிவத்தைப் போட்டு அதன் எல்லாத் திரிபுகளையும் ஒரே தேடலில் எடுக்கலாம். திரை பழைய பாணி, முதல் பார்வையில் மிரட்டும். மூல வடிவப் பெட்டியில் கெதார் என்று போட்டு, நாட்டைத் தேர்ந்தெடுத்து, முடிவுகளில் முதல் இருபது வரியை மட்டும் படியுங்கள். இடத்தைச் சொல்லும் பயன்பாடு அங்கே நன்றாகத் தெரியும்: ‘ல ஃபர்மாசிய கேத லேஹொஸ்’, மருந்துக்கடை தூரத்தில் இருக்கிறது. கட்டடம், தெரு, ஊர் என்று நகராதவற்றுக்கே இது வரும். மேசைமேல் இருக்கும் பேனாவுக்கும், அடுத்த அறையில் இருக்கும் ஆளுக்கும் ‘எஸ்தார்’தான். வழி கேட்கும்போது ‘தோன்தெ கேத...?’ என்று தொடங்கினால் எந்த நாட்டிலும் புரியும்.

‘பொர்’ சேர்ந்த வடிவமும் கோர்பெஸில் கொட்டிக் கிடக்கும். ‘கேத மூச்சொ பொர் அசேர்’, செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ‘கேதன் தோஸ் கபீத்துலொஸ் பொர் லெயேர்’, இன்னும் இரண்டு அத்தியாயம் படிக்க வேண்டியிருக்கிறது. இங்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் கேத, கேதன் மாறுவதைப் பாருங்கள். ‘பொர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பார’ போடுவது வழக்கமாக வரும் பிழை. தமிழின் ‘செய்ய’ என்ற எச்சத்தைப் பார்த்ததும் ‘பார’ என்று கை போய்விடும்.

சேர்த்துத் தேடும் முறை இப்படி இருக்கலாம். டி.எல்.இ.யில் கெதாரைத் திறந்து, ‘ப்ர்ன்ல்.’ உள்ள வரிகளையும் இல்லாத வரிகளையும் இரண்டு பத்தியாகக் குறிப்பேட்டில் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் எழுவாய் யார், சுட்டு தேவையா, பின்னால் எந்த முன்னிடைச்சொல் என்ற மூன்றையும் மட்டும் குறியுங்கள். மொழிபெயர்ப்பு எழுத வேண்டாம். முன்னிடைச்சொல்லில் சந்தேகம் வந்தால் டி.பி.டி. பிறகு கோர்பெஸில் ஒவ்வொரு வகைக்கும் மூன்று வாக்கியம் தேடி எடுத்து ஒட்டுங்கள். கிண்டல், சந்திப்பு, நல்ல பெயர் போன்ற பேச்சுவழக்குகளுக்கு மட்டும் வேர்ட்ரெஃபரன்ஸ் ஃபோரம். இதே வரிசை ‘எச்சார்’, ‘யெவார்’, ‘தார்’ போன்ற பல பொருள் வினைகளுக்கும் அப்படியே ஓடும். எச்சாரில் மரபுத்தொடர்கள் மிக அதிகம் என்பதால் அங்கே பதிவின் அடியிலிருந்து மேலாகப் படிப்பது வசதி.

டி.எல்.இ.க்கு இலவச ஆப் உண்டு. ஒரு சொல்லை மட்டும் சட்டென்று பார்க்க அது போதும். பதிவு நீளமான கெதார் போன்றவற்றைப் பெரிய திரையில் வலைத்தளத்திலேயே படிப்பது கண்ணுக்கு நல்லது. அச்சுப் பதிப்பைக் கற்பவர் வாங்கத் தேவையில்லை. எடை அதிகம், வினைத்திரிபைச் சொடுக்கிப் பார்க்க முடியாது, 2014க்குப் பிந்தைய திருத்தங்களும் அதில் இல்லை.